இளவரசி ஏன் சாக வேண்டும்?

மாடஸ்டி பிளைஸி செத்துப்போன செய்தி எனக்கு ஏழு வருடம் தாமதமாக வந்து சேர்ந்தது. அவள் செத்தது 1996இல். எனக்குத் தெரிந்தது 2003இல், திருச்சி தெப்பக்குளம் பக்கம் பிளாட்பாரத்தில் வாங்கிய ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தின் மூலம். 'கோப்ரா டிராப்' என்ற சிறுகதைத் தொகுப்பு. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் உட்கார்ந்து கடைசிக் கதையை முதலில் புரட்டினேன். கெட்ட பழக்கம்தான், சின்ன வயதிலிருந்தே உண்டு. காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. அம்மாமண்டபத்தில் இறங்க வேண்டியவள் ராஜகோபுரம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி நடந்து வந்தேன்.

அவளைக் கொன்றது எந்த வில்லனும் இல்லை. அவளை உருவாக்கிய பீட்டர் ஓடொன்னல்தான்.

இந்தப் பெயரைக் கேள்விப்படாத இளைய வாசகிகளுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாடஸ்டி பிளைஸி 1963 மே மாதம் லண்டனின் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' நாளிதழில் படக்கதையாகத் தொடங்கினாள். எழுதியவர் ஓடொன்னல், முதலில் வரைந்தவர் ஜிம் ஹோல்டவே. பறக்க மாட்டாள், கையிலிருந்து மின்னல் வராது. ஆனால் அகதி முகாமில் பேர் தெரியாத அநாதையாகத் தொடங்கி, பேரில் பாதியைத் தானே வைத்துக்கொண்டு, ஒரு கடத்தல் கும்பலுக்குத் தலைவியாகி, போதும் என்று தோன்றியபோது அதைக் கலைத்துவிட்டு, பிறகு தனக்கு இஷ்டப்பட்ட வேலையை மட்டும் எடுத்துச் செய்தவள். கூடவே வில்லி கார்வின் என்று ஒருவன் வருவான். காதலன் இல்லை, புருஷன் இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை. அவளை 'பிரின்சஸ்' என்று கூப்பிடுவான். தமிழில் அது 'இளவரசி' ஆயிற்று. சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் 1984 ஜூலையில் தன் முதல் இதழாகவே 'கத்திமுனையில் மாடஸ்டி'யைக் கொண்டுவந்தது. அன்றைக்குத் தமிழ் காமிக்ஸ் என்றால் இரும்புக்கை மாயாவியும் மற்ற ஆண்களும்தான். ஒரு புதுப் பத்திரிகை தன் பிழைப்பை நம்பி ஒரு பெண்ணை முதலில் நிறுத்தியது சின்ன விஷயம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குப் பத்து வயது. புத்தகத்தை வாங்கி வந்தது என் சித்தி.

ஓடொன்னலுக்கு அவள் எப்படிக் கிடைத்தாள் என்பதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். 1942இல் பாரசீகத்தின் வடக்கே படைவீரராக இருந்தபோது, தனியாக நடந்துபோன ஓர் அகதிச் சிறுமியைப் பார்த்தார். பன்னிரண்டு வயது இருக்கலாம். கழுத்தில் ஆயுதம் மாதிரி எதையோ கட்டித் தொங்கவிட்டிருந்தாள். வீரர்கள் சாப்பாடு கொடுத்தார்கள். சாப்பிட்டாள், சிரித்தாள், தன் மூட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். யாரையும் தன்னைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. அந்த நடையை அவரால் இருபது வருடம் மறக்க முடியவில்லை.

அவளை நான் கோயில் கட்டிக் கும்பிடவில்லை. ஆண்கள் பார்ப்பதற்காக வரையப்பட்டவள் அவள். மேலாடையைக் கழற்றிவிட்டு எதிரிகளின் அறைக்குள் நுழைந்து, அவர்கள் திகைத்து நிற்கும் இரண்டு விநாடியில் அடித்து வீழ்த்துகிற ஒரு தந்திரம்கூட அவளுக்கு உண்டு. அதை யோசித்தது ஓர் ஆண் மூளை என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. இருந்தாலும் ஸ்ரீரங்கத்தில், ஆறு மணிக்கு மேல் வாசற்படி தாண்டினால் 'எங்கே?' என்று நான்கு பேர் கேட்கும் ஒரு தெருவில், எங்கே போகிறாய் என்று யாருமே கேட்காத ஒரு பெண்ணைப் படம் படமாகப் பார்ப்பது என்ன செய்யும் என்று, அந்தத் தெருவில் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, அந்தக் கடைசிக் கதை. மாடஸ்டிக்கு அதில் ஐம்பது கடந்துவிட்டது. மூளையில் கட்டி. அதிக நாள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாட்டின் உள்நாட்டுச் சண்டையில் சிக்கியவர்கள் தப்பிப் போக வேண்டும், துரத்தி வருபவர்களைக் கொஞ்ச நேரம் யாராவது தடுத்து நிறுத்த வேண்டும். அவள் நிற்கிறாள். சுடப்பட்டுச் சாகிறாள். கார்வினும் அவளுக்குப் பின்னாலேயே போகிறான். தனக்குப் பிறகு வேறொருவர் அவளை எழுதுவதை ஓடொன்னல் விரும்பவில்லை. ஆகவே தானே முடித்துவைத்தார்.

வீரமான சாவு என்பார்கள். என் கோபம் அந்த வீரத்தின் மேல்தான். ஏற்கெனவே சாகப்போகிறவள் என்று ஆக்கிவிட்டால் அந்தத் தியாகத்துக்கு விலை குறைந்துவிடுகிறது, அது ஒன்று. இன்னொன்று, ஐம்பது தாண்டிய ஒரு பெண்ணின் கதை அங்கே மேற்கொண்டு நகரவே இல்லை. அறுபது வயது மாடஸ்டி எப்படி இருப்பாள்? முட்டி வலியோடு மாடி ஏறுவாளா? யாரோடு சாப்பிடுவாள்? இருபது வருடமாக எனக்குள் இருந்த கேள்விகள் இவை என்பது, அவள் செத்தபிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஆனால் இந்தக் கோபத்துக்கு ஏதாவது அர்த்தம் உண்டா? காகிதத்தில் மையால் செய்த ஒருத்தி. எழுதியவர் எழுதினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. 'அவள் அப்படிச் செய்ய மாட்டாள்' என்று ஒரு வாசகி சொன்னால், எந்த 'அவள்' என்று கேட்கலாம். செய்துவிட்டாளே, இதோ அச்சில் இருக்கிறதே.

இதற்கு நான் வெகுநாள் வைத்திருந்த பதில், வாசிப்பவரும் பாதி உருவாக்குகிறார் என்பது. படக்கதையில் இது கண்ணால் பார்க்கிற உண்மை. ஒரு கட்டத்தில் மாடஸ்டி ஓடுகிறாள், அடுத்த கட்டத்தில் சுவருக்கு அந்தப்புறம் நிற்கிறாள். நடுவில் தாண்டியது யார்? நான். ஆயிரம் முறை அவளைத் தாண்ட வைத்தவளுக்கு அவள் கால் எப்படி எழும்பும் என்று தெரியாதா? இப்போது இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. உழைத்ததால் உரிமை வரும் என்றால் அது சொத்துத் தகராறு மாதிரி ஆகிவிடுகிறது. யார் அதிகம் உழைத்தார்கள் என்று பங்கு பிரிக்க வேண்டியிருக்கும்.

ஏமாற்றத்தை உரிமையாகப் பார்க்காமல், ஒரு செய்தியாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இப்படி முடிக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றுகிறபோது, இத்தனை நாள் இவளை அவர் என்னவாக நினைத்திருந்தார் என்பது வெளியே வந்துவிடுகிறது. வருத்தம் கடைசிப் பக்கத்தோடு நிற்பதில்லை. பின்னோக்கிப் பரவி முதல் பக்கத்தையும் நனைத்துவிடுகிறது.

அமெரிக்க வாசகிகளுக்கு இது எனக்கு முன்பே நடந்திருக்கிறது. 1941இல் பிறந்த வொண்டர் வுமனின் சக்தியை 1968இல் பிடுங்கினார்கள். அவளுடைய அமேசான் பெண்கள் வேறு உலகத்துக்குப் போகிறார்கள், அவள் ஒரு ஆணுக்கு உதவி செய்வதற்காகச் சக்தியை விட்டுக்கொடுத்து இங்கேயே தங்குகிறாள், துணிக்கடை வைக்கிறாள், பார்வையற்ற ஒரு கிழவரிடம் சண்டை கற்கிறாள். அப்படி எழுதிய டென்னி ஓநீல் அதைப் பெண்ணிய மாற்றம் என்றே நம்பினார். வரமாக வந்த சக்தி இல்லாமல் சொந்தத் திறமையால் ஜெயிக்கிறாளே என்பது அவர் கணக்கு. கணக்கு கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சூப்பர்மேனைத் தையல்கடை வைக்கச் சொல்லி யாரும் அவனுடைய சுயமரியாதையைச் சோதிக்கவில்லை. குளோரியா ஸ்டைனமுக்கு அவள் சிறுவயது நாயகி. 1972 ஜூலையில் 'மிஸ்' பத்திரிகை தன் வழக்கமான வெளியீட்டைத் தொடங்கியபோது, பழைய உடையில், பழைய சக்தியோடு, வொண்டர் வுமனை அட்டையில் போட்டார்கள். 1973இல் சக்தி திரும்பக் கிடைத்தது.

இந்தக் கதையை மகளிர் கல்லூரிகளில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். நானும் வாங்கியிருக்கிறேன். பிறகுதான் மீதிக் கதை தெரிந்தது. அந்தச் சமயம் வொண்டர் வுமனை எழுதிக்கொண்டிருந்தவர் சாமுவேல் டெலனி, கறுப்பின எழுத்தாளர். சக்தி இல்லாத அந்தப் பெண்ணை வைத்தே பெண்களின் கூலி, கருக்கலைப்பு உரிமை என்று ஒரு தொடரைத் திட்டமிட்டிருந்ததாகவும், பழைய நாயகியைத் திரும்பக் கேட்ட குரலால் அது நின்றுபோனதாகவும் அவர் பின்னால் சொன்னார். அவர் பக்கத்துக் கதைதான் இது. இருந்தாலும் எனக்குக் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது. நம் ஏமாற்றம் சில சமயம், இன்னும் பிறக்காத ஒரு நல்ல கதையின் கழுத்தில் கால் வைத்துவிடுகிறது.

பேட்கேர்ள் விஷயம் இன்னும் சிக்கல். 1988இல் ஆலன் மூர் எழுதிய 'தி கில்லிங் ஜோக்'கில் பார்பரா கோர்டனை ஜோக்கர் சுடுகிறான். இடுப்புக்குக் கீழே செயலிழக்கிறது. அவளுக்காக அந்தத் தோட்டா வரவில்லை, அவள் அப்பாவைப் பைத்தியமாக்குவதற்காக வந்தது. ஆணின் கதை நகர வேண்டும் என்பதற்காகச் சிதைக்கப்பட்ட நாயகிகளை 1999இல் கெய்ல் சிமோன் பட்டியல் போட்டபோது பார்பராவும் அதில் இருந்தாள். ஆனால் அதற்குள் கிம் யேலும் ஜான் ஆஸ்ட்ராண்டரும் அவளைக் கைவிடாமல் எடுத்து, சக்கர நாற்காலியிலிருந்தே எல்லாச் சூப்பர் ஹீரோக்களுக்கும் தகவல் தரும் 'ஆரக்கிள்' ஆக்கியிருந்தார்கள். 2011இல் நிறுவனம் அவளை மறுபடி நடக்க வைத்து, மறுபடி பேட்கேர்ள் ஆக்கியபோது, மாற்றுத்திறனாளி வாசகிகள் பலர் உடைந்துபோனார்கள். 'எங்களுக்கு இருந்த ஒருத்தியையும் குணப்படுத்திவிட்டீர்களா?' அந்தப் புதிய கதையை எழுதியவர் அதே கெய்ல் சிமோன். இதில் யாருடைய ஏமாற்றம் நியாயம்? இரண்டும்தான் என்று சொல்லிவிட்டு நகரலாம். ஆனால் ஒரே உடம்பில் இரண்டும் நிற்க முடியாது. யாரோ ஒருத்தி இழக்கத்தான் வேண்டும்.

எங்கள் ஊர்க்காரர் சுஜாதா 'குமுத'த்தில் 1857 கிளர்ச்சியை வைத்து 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்ற தொடரைத் தொடங்கி, எதிர்ப்பு வந்து, சில வாரங்களில் நிறுத்த வேண்டியதாயிற்று. பின்னால் 'இரத்தம் ஒரே நிறம்' என்று வேறாக எழுதினார். 2015இல் பெருமாள்முருகன் தான் எழுத்தாளனாகச் செத்துவிட்டதாக அறிவிக்கும் நிலைக்குப் போனார். 'எங்கள் பெண்களை இப்படி எழுதாதே' என்று கத்தியவர்களும் தங்களை ஏமாற்றம் அடைந்தவர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். அதனால் நான் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஓடொன்னல் அந்தக் கதையை எழுதியிருக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எழுதிவிட்டார், எனக்கு அது வலிக்கிறது, ஏன் என்று விளக்குவேன். அவ்வளவுதான் என் எல்லை.

ஏன் என்பதற்கான பதில் எனக்கு லண்டனில் கிடைக்கவில்லை. வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் கிடைத்தது.

ஸ்ரீரங்கம் கோயிலின் கிழக்கே வெள்ளைக் கோபுரம். மற்ற கோபுரங்களுக்கு நடுவில் அது மட்டும் வெள்ளையாக நிற்பதற்கு எங்கள் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். டில்லிப் படை வந்தபோது வெள்ளையம்மாள் என்ற கோயில் ஆடல்மகள், தளபதியை மயக்கி இந்தக் கோபுரத்தின் உச்சிக்கு அழைத்துப்போய்த் தள்ளிவிட்டாள். பிறகு அவளும் குதித்தாள். அவள் நினைவாகத்தான் வெள்ளை. சிறுவயதில் இதைக் கேட்டு எனக்குப் புல்லரிக்கும். எங்கள் ஊர் மாடஸ்டி! பிறகு ஒருநாள் யோசித்தேன். தள்ளியதோடு கதை முடிந்திருக்கலாமே, எதற்குக் குதித்தாள்? படிக்கட்டு இருந்ததே. கதை சொல்லிய ஒவ்வொருவரும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். ஆனால் அவள் இறங்கி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கற்பனை செய்யவில்லை. அடுத்த நாள் அவள் தெருவில் நடந்திருப்பாள். வயதாகியிருக்கும். ஒரு தேவதாசிக் கிழவியைப் பார்த்து ஊர் என்ன பேசியிருக்கும்?

உள்ளே போனால் துலுக்க நாச்சியார். அரங்கனின் சிலைமேல் காதல் கொண்டு டில்லியிலிருந்து தேடி வந்த சுல்தானின் மகள். சந்நிதி வரை வந்தாள், அவனோடு ஐக்கியமானாள். இன்றைக்கும் அவளுக்காகப் பெருமாளுக்கு ரொட்டி படைக்கிறார்கள். அவள் நம்பிக்கையை மதித்து, உருவச்சிலை வைக்காமல் சுவரில் சித்திரமாக வைத்திருக்கிறார்கள். இதில் இருக்கும் மரியாதையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். உறையூர் கமலவல்லி, சோழ ராஜகுமாரி, ஐக்கியமானாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மணப்பெண்ணாக வந்த ஆண்டாளும் இங்கேதான் ஐக்கியமானாள். மனிதனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொன்னவள், தந்தையின் அரண்மனையை விட்டு நடந்தவள், கோபுரத்தில் ஏறியவள். இப்படி ஒரு முடிவை எடுத்த பெண்ணுக்கு அடுத்த நாள் காலை என்ன நடக்கும் என்பதற்குக் கதைசொல்லிகளிடம் விடை இல்லை. ஒளியில் கரைத்துவிடுகிறார்கள். இல்லையென்றால் கீழே தள்ளிவிடுகிறார்கள். ஓடொன்னலின் கதையை நான் முதல்முறை படித்தபோதே எனக்குப் பழக்கப்பட்டதாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

விதிவிலக்காக ஒருத்தி இருக்கிறாள், ரங்கநாயகித் தாயார். 'படிதாண்டாப் பத்தினி' என்று பெயர். தன் சந்நிதியை விட்டு வெளியே வருவதே இல்லை. ஆனால் பங்குனி உத்திரத்தன்று, பெருமாள் உறையூருக்குப் போய்க் கமலவல்லியைப் பார்த்துவிட்டு வந்தது தெரிந்து, கதவைச் சாத்திவிடுவாள். அவர் மேல் வாழை மட்டையும் பூவும் எறிவார்கள். அவர் சமாதானம் சொல்லச் சொல்ல அவள் தரப்பு பதில் சொல்லும். நம்மாழ்வார் நடுவில் வந்து பேச வேண்டும். ஒவ்வொரு வருடமும் அதே கோபம், அதே சமாதானம். படி தாண்டியவர்களுக்கெல்லாம் கதை முடிந்துவிட, தாண்டாதவளுக்கு மட்டும் அடுத்த வருடமும் வருகிறது. இதை நான் பாட்டியிடம் சொன்னபோது, 'உனக்கு எல்லாத்துலயும் குத்தம்' என்றார். அதுவும் சரிதான்.

இப்போது சித்தி. இதைச் சொல்லாமல் தவிர்க்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

சித்தி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். திருச்சிக்குத் தினமும் போய்வருவாள், இரவு ஷிப்டும் பார்ப்பாள். சம்பளத்தில் எனக்கு லயன் காமிக்ஸ், அவளுக்கு ஃபில்டர் காபி, மீதி வீட்டுக்கு. கொள்ளிடக் கரையில் எனக்குச் சைக்கிள் கற்றுக் கொடுத்தவள் அவள். விழுந்தால் தூக்க மாட்டாள், 'எழுந்திரு இளவரசி' என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லுவாள். கல்யாணம் ஆனபிறகும் வேலைக்குப் போனாள். 1991இல், படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரைப் பார்த்துக்கொள்ள, வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு முசிறிக்குப் போய்விட்டாள்.

எனக்குப் பதினேழு வயது. நான் அவளுக்கு ஒரு கடிதம் போட்டேன், நீளமாக. இப்போது நினைத்தால் கூசுகிறது. அதற்குப் பிறகு பல வருடம் அவளிடம் சரியாகப் பேசவில்லை. பண்டிகைக்கு வந்தால் காபி கொடுப்பேன், அவ்வளவுதான். கோப்ரா டிராப் படித்த அன்று எனக்குள் வந்த அதே உணர்ச்சி, பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே அவள் விஷயத்தில் வந்திருந்தது. அப்படியானால் என் இளவரசி எங்கே போனாள்? இத்தனை நாள் நான் பார்த்தது பொய்யா?

ஒரு காமிக்ஸ் நாயகி மாறக் கூடாது என்று கேட்பதற்கும் ஒரு பெண் மாறக் கூடாது என்று கேட்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று எனக்கு இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மாடஸ்டி எனக்காகத்தான் இருந்தாள், வாசகிக்காகவே செய்யப்பட்டவள். அவளிடம் நான் எதிர்பார்ப்பு வைக்கலாம். சித்தி எனக்காகச் செய்யப்பட்டவள் இல்லை. இது இவ்வளவு எளிது. ஆனால் இதைப் புரிந்துகொள்ள எனக்கு முப்பது வயது ஆக வேண்டியிருந்தது. பெண்ணியம் பேசுகிற நாம், நமக்கு முன்னால் நடந்த பெண்களை நம் கதையின் பாத்திரங்களாக வைத்துக்கொண்டு, அவர்கள் வரி தவறினால் தண்டிக்கிறோம். அவள் போனது அவள் விருப்பமா, வேறு வழி இல்லாமலா என்றுகூட நான் கடிதத்தில் கேட்டிருக்கவில்லை.

போன வருடம் சித்தி கண் ஆஸ்பத்திரிக்காகத் திருச்சி வந்து எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினாள். அறுபது தாண்டிவிட்டது. ராத்திரி மாடஸ்டியின் சாவைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குத் தெரியாது. முழுக்கதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அம்பது வயசு தாண்டின பொம்பளைய வச்சு என்ன எழுதறதுன்னு அந்த ஆளுக்குத் தெரியல. அதான் அனுப்பிட்டான்."

"உனக்குக் கோபம் வரலையா சித்தி?"

"எனக்கு எதுக்குடி கோபம்? நான் அவ வயசத் தாண்டிட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "நீ போட்ட லெட்டர் இன்னும் இருக்கு" என்றாள். "நல்லாத்தான் எழுதியிருந்த. ஆனா ஒண்ணு, நான் எப்ப உன் கதையில வந்தேன்?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமியாரைப் பார்த்துக்கொண்ட ஆறு வருடத்தைப் பற்றி முதல்முறையாகப் பேசினாள். எல்லாம் எனக்குப் பிடித்த மாதிரி இல்லை. சிலது பிடிவாதம், சிலது பயம், சிலது உண்மையான பாசம். வேலையை விட்டதற்கு இரண்டாவது மாதமே அழுததாகவும், நான்காவது மாதம் அழுகை நின்றுவிட்டதாகவும் சொன்னாள். நின்றது நல்லதா என்று தனக்கு இப்போதும் தெரியாது என்றாள்.

அப்புறம் ஒரு விஷயம் அவளிடம் சொன்னேன். 1996இல் புத்தகத்தில் கொன்றபிறகும் ஓடொன்னல் நாளிதழ்ப் படக்கதையை நிறுத்தவில்லை. 2001 ஏப்ரல் வரை எழுதினார். அந்தக் கடைசிப் படக்கதையில் மாடஸ்டி உயிரோடு இருக்கிறாள்.

சித்தி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அவனே ரெண்டு முடிவு எழுதியிருக்கானா?"

"ஆமாம்."

"அதுல எத்தன வயசு அவளுக்கு?"

"அதேதான். இருபத்தெட்டு மாதிரி. படக்கதையில் வயசே ஆகாது."

"ஓ" என்று மறுபடி படுத்துக்கொண்டாள். "ரெண்டுமே உதவாது போ. காலையில எட்டு மணிக்கு டாக்டர். சொட்டு மருந்த எங்க வச்சேன் பாரு."